இடுக்கி

மார்ச் மாதத்து மாலை ஒன்றில்,
ஊதினால் காணாமல் போகும் கருப்புத் தூளை
மடித்த காகிதத்தின் ஓரத்தில் விரலால் தட்டித் தட்டி
ஈரக் கரிமண்மேல் உதிர்த்தேன்.
மூச்சை அடக்கிக்கொண்டுதான்.
ஒரு தும்மலில் சதுப்புநிலமே பறந்திருக்கும்.

'மேலே மண் மூடாதே, வெளிச்சம் பார்த்தால்தான் முளைக்கும்.
குழாய்த் தண்ணீர் காட்டாதே' என்று
உறையின் பின்புறம் எழுதியிருந்தான் ராதோவான்.
முகம் தெரியாதவன், கையெழுத்து மட்டும் தெரிந்தவன்.
புர்னோவின் குழாயில் பாதி சுண்ணாம்பு,
என் கெட்டிலின் அடியே சாட்சி.
பால்கனியில் வாளி வைத்து மழை பிடித்தேன்.

ஐந்தாம் வாரம் பச்சை வந்தது.

எந்தப் பச்சை?
விதைத்தோலைத் தலையில் தொப்பியாய்த் தூக்கி
நூலாக நிமிர்பவை கோரை.
நட்சத்திரமாய் விரிவது பாசி,
அதை எனக்கே தெரியும்.
தவளைத் தோல்போல் தட்டையாகப் படிந்த ஒன்றுக்கு
இன்றுவரை பெயர் தெரியாது.
இவற்றுக்கு நடுவே எங்கேயோ
நான் விதைத்தது.

ஞாயிறு சூப்புக்கு வந்த அண்ணன் ஒட்டாகர்
எடைக்கருவிகளைப் பழுது பார்ப்பவன்,
எதையும் ஒரு கிராம் ஐயத்தோடே பார்ப்பான்.
'ஒரு டப்பா பாசி வளர்க்கிறாய், ட்ராஹோமிரா.
அதற்கு மழைத் தண்ணீர் வேறு.'

நான் டிராம் ஓட்டுகிறவள்.
அதிகாலை மூடுபனியில் எதிரே சிவப்பாய்த் தெரிவது
சிக்னலா, யாரோ ஒருவன் வாயில் புகையும் சிகரெட்டா,
அரை நொடியில் சொல்லிவிடுவேன்.
இங்கே முழுதாக ஒரு மாதம் போயிற்று,
ஒரு விரற்கடை மண்ணைப் படிக்க வரவில்லை.

இரவுப் பணி முடிந்த ஒரு காலை,
தூக்கம் கெட்ட கண்ணோடு இடுக்கியை எடுத்தேன்.
கோரை என்று பட்டதைப் பிடுங்கினேன்.
ஆறு பிடுங்கியாயிற்று.
ஏழாவது
இழுக்கும் முன்பே வந்துவிட்டது,
வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல்.

சீருடையின் கருப்புக் கையுறைமேல் வைத்து
லென்ஸைக் குனித்தேன்.
முனை மழுங்கிய இரண்டு விதையிலை.
அவற்றிடையே, எறும்பு தவறவிட்ட கரண்டிபோல்
வட்டமாய் ஓர் இலை.
அதன் விளிம்பில் மயிர், சிவப்பாய்.
மயிர் நுனியில் துளி.
நான் ஊற்றிய தண்ணீர் இல்லை அது.
இடுக்கியை எடுத்தேன்,
இழையாய் நீண்டு கூடவே வந்தது.

எங்கள் மொழியில் இதன் பெயரில் இருப்பது பனி.
வெகு தெற்கே எங்கோ அழுகண்ணி என்கிறார்களாம்,
அதையும் ராதோவான்தான் எழுதியிருந்தான்.
மூன்று துளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பனி என்று சொல்ல
அப்போது வாய் வரவில்லை.

தீக்குச்சியால் குழி போட்டுத் திரும்ப நட்டேன்.
இரண்டே நாளில் கறுத்தது.
இடுக்கி இப்போது திருகாணிகளோடு இழுப்பறையில்.
கோரை வளரட்டும். பாசி வளரட்டும்.
அந்தத் தவளைத் தோலும்தான்.

மே மாத இறுதியில், தானாகவே தெரிந்தன.
முதலில் ஒன்று, பிறகு கண் பழகப் பழக
பத்து, பதினேழு.
அவற்றில் ஒன்றின் இலையில்
முற்றுப்புள்ளியிலும் சிறிய துள்ளுபூச்சி,
கால் ஒன்று இன்னும் அசைந்தபடி.
ஒட்டாகரிடம் லென்ஸை நீட்டினேன்.
நெடுநேரம் குனிந்திருந்தான்.
சூப் ஆறிப்போனது, அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் எந்த வகை?
உறையில் இருந்த பெயருக்கு நீண்ட இலை வேண்டும்.
இவை எல்லாமே வட்டம்.
எழுதிக் கேட்டேன். பதில் அஞ்சலட்டையில்:
'பிள்ளைப் பருவத்தில் எல்லா வகையும் வட்டம்தான்.
அடுத்த வசந்தத்தில் கேள்.
விதையை நானே மாற்றிப் போட்டிருக்கவும் கூடும்.'

பெயர்க்குச்சியில் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்,
பென்சிலால்.
இந்த வாரம் மழை குறைவு.
வாளியில் நான்கு விரல் தண்ணீர்.